தீவக மடத்து மந்திர ஏடு: முதன்முதலில் கையில் எடுப்பவருக்கு

யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதியில் ஒரு மடத்திலோ பரிகாரியார் (நாட்டு வைத்தியர்) வீட்டிலோ சிவப்புத் துணியில் சுற்றிய ஓலைக்கட்டு இருந்தால் ஊரில் அதற்கு ஒரே பெயர்தான்: மந்திர ஏடு. அவிழ்த்தால் உள்ளே மாட்டு வாகடம் (மாட்டு வைத்தியம்) இருக்கும், பாம்புக்கடி வைத்தியம் இருக்கும், பிறந்த நேரத்துக்குப் பலன் சொல்லும் சாத்திரம் இருக்கும், சில வேளை காணி ஈட்டுக் கணக்கும் இருக்கும். இவற்றுக்கு நடுவே சில இதழ்களில்தான் மந்திரமும், எண்ணோ எழுத்தோ கட்டங்களில் அடைத்த சக்கரமும் வரும். ஒரே ஆள் பரிகாரியாகவும் சாத்திரியாராகவும் மந்திரித்துப் பார்வை பார்ப்பவராகவும் இருந்ததால் எல்லாம் ஒரே கட்டில் சேர்ந்து கிடக்கின்றன. மறைபொருளைத் தேடிப் போகிறவர் மாட்டுக்கு வரும் கோமாரியையும் பொறுமையாக வாசிக்கத் தயாராகப் போக வேண்டும்.

இந்தக் குறிப்பு ஏட்டைப் பதிவு செய்து வாசிக்கப் போகிறவர்களுக்கு மட்டும். மந்திரத்தை உருவேற்றிப் பலன் காண நினைப்பவர் குருவிடம் போகட்டும். வேலையின் ஒழுங்கு இது: முதலில் ஆள், பிறகு கட்டு, பிறகு இதழ், பிறகு எழுத்து, கடைசியில் பொருள். புதியவர் பெரும்பாலும் பொருளில் தொடங்குவார். அவசரத்தில் கயிற்றை அவிழ்த்து, ஒழுங்கைக் கலைத்து, நாலு இதழை முறித்துவிட்டு நிற்பார்.

எப்போது, எந்த வழியால்

மண்டைதீவு, வேலணை, புங்குடுதீவு, காரைநகர் தரைவழி. நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் குறிகட்டுவானில் படகு ஏற வேண்டும். அனலைதீவு, எழுவைதீவு என்றால் ஊர்காவற்றுறையில். மாசியும் பங்குனியும் இந்த வேலைக்கு நல்ல மாதங்கள். ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை மழையும் ஈரமும். அந்த ஈரத்தில் கட்டைத் திறந்து வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். சோளகம் (தென்மேற்குக் காற்று) வீசும் மாதங்களில் ஓலை காய்ந்து முறுகி நிற்கும், புழுதியும் சேரும். அப்போது ஓலையை வளைத்தால் ‘டக்’ என்று முறியும்.

ஏட்டைப் படகில் ஏற்றிப் பட்டணத்துக்குக் கொண்டுவந்து வசதியாகப் படம் எடுக்கலாம் என்று யோசிக்க வேண்டாம். ஏடு இருக்கும் இடத்துக்குக் கமெரா போகட்டும். உப்புத் தண்ணீர் ஒரு கை தெறித்தாலே போதும், உப்பு ஓலைக்குள் இறங்கி எப்போதும் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும்.

கேட்கும் முறை

ஏடு பெரும்பாலும் சுவாமி அறையில், பெட்டகத்தில் அல்லது றங்குப்பெட்டியில் இருக்கும். வருடத்தில் ஒரு முறை சரஸ்வதி பூசைக்கு எடுத்துப் பொட்டு வைத்துத் திரும்ப வைப்பார்கள். அந்த நாளில் போய்த் தொந்தரவு செய்யாமல், முதல் முறை சும்மா போய்க் கதைத்துவிட்டு வாருங்கள். இரண்டாம் முறை போகும்போது மச்சம் (மீன், இறைச்சி) சாப்பிடாமல், தோய்ந்துவிட்டு (குளித்துவிட்டு)ப் போவது மரியாதை. உங்கள் வீட்டில் துடக்கு (தீட்டு) இருந்தால் திகதியை மாற்றுங்கள். உங்களுக்கு நம்பிக்கை இருக்கிறதா இல்லையா என்பது இங்கே கேள்வியே இல்லை, அது அவர்களுடைய சுவாமி அறை.

கேட்கும்போது நேராகக் கேளுங்கள்: “ஐயா, ஏட்டை எடுத்துக்கொண்டு போக வரேல்லை. இஞ்ச இருந்தே படம் எடுத்துப்போட்டு, அப்பிடியே கட்டி வைச்சிடுறன். நீங்களும் பக்கத்தில இருங்கோ.” இந்தக் கடைசி வசனம்தான் முக்கியம். ஏட்டை வாங்கிக்கொண்டு போய்த் திருப்பித் தராதவர்களின் கதை ஒவ்வொரு தீவிலும் உண்டு.

பதில் மூன்று விதமாக வரும். எல்லாம் எடுக்கலாம் என்பார்கள். அல்லது வைத்தியமும் சாத்திரமும் எடுக்கலாம், மந்திரப் பகுதி வேண்டாம் என்பார்கள். அல்லது திறக்கவே வேண்டாம் என்பார்கள். மூன்றாவது பதில் வந்தால் ஈரம், கறையான் படாமல் வைக்கும் முறையைச் சொல்லிவிட்டு வாருங்கள். அந்த உதவியைப் பார்த்துப் பிறகு அவர்களே கூப்பிடுவதும் உண்டு. இரண்டாவது பதில் வந்தால் எந்த இதழ் தொடக்கம் எந்த இதழ் வரை விலக்கு என்று எழுதி, இருவரும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கட்டை அவிழ்க்க முன்

மேசையில் வெள்ளைத் துணி விரித்து, கட்டை அப்படியே வைத்துப் படம் எடுங்கள்: மேல், கீழ், நான்கு விளிம்பு. முடிச்சையும் எடுங்கள். ஓலைக்கட்டின் இரு பக்கமும் மரச்சட்டம் இருக்கும். ஒரு துளையில் செருகிய குச்சியோ கம்பியோ நாராசம். மற்றத் துளையில் கயிறு ஓடும். கயிற்று முனையில் துளையிட்ட செப்புக்காசு, சோழி அல்லது ஓலை நறுக்குக் கட்டியிருந்தால் அது கிளிமூக்கு, கயிறு துளைக்குள்ளால் நழுவிப் போகாமல் பிடிப்பது. செப்புக்காசாக இருந்தால் அதையும் தனியே படம் எடுங்கள். எந்தக் காலத்துக் காசு என்று தெரிந்தால், கட்டு கடைசியாகக் கோக்கப்பட்ட காலத்துக்கு ஒரு குறிப்புக் கிடைக்கும்.

துணியில் மா போல மெல்லிய தூள் கொட்டுகிறதா என்று பாருங்கள். கொட்டினால் உள்ளே வண்டு உயிரோடு இருக்கக்கூடும். தூளைத் துடைத்துவிட்டு, கட்டை வெள்ளைத் தாளில் வைத்து ஒரு கிழமை விடுங்கள். மறுபடி தூள் விழுந்தால் வண்டு வேலை செய்கிறது. அப்படியானால் கட்டைத் துணியில் சுற்றி, காற்றை வெளியேற்றிய பொலித்தீன் பையில் இறுக்க மூடி, −18 பாகை செல்சியஸ் அல்லது அதிலும் கூடிய குளிர் உள்ள ஆழ்குளிர்ப் பெட்டியில் 2 கிழமை வைக்கலாம். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காமல் ஒரு முழு நாள் விட வேண்டும். உடனே திறந்தால் ஓலையில் தண்ணீர் வேர்க்கும். மின்சாரம் அடிக்கடி போகிற இடத்தில் இந்த முறை சரிவராது. நிறம் தீட்டிய இதழோ அரக்குப் பூசிய சட்டமோ இருந்தால் இதைச் செய்ய வேண்டாம்.

ஒட்டிப்போன இதழ்களுக்குள் கத்தி விடாதீர்கள். மூடியுள்ள பிளாஸ்ரிக் பெட்டியில் ஈரப்பஞ்சைச் சிறு தட்டில் வைத்து, அதற்கு மேல் வலைத்தட்டு அமைத்து, பஞ்சு தொடாமல் கட்டை வைத்து மூடுங்கள். 3, 4 மணித்தியாலத்துக்கு ஒரு தடவை பாருங்கள். ஓலை சற்று நெகிழ்ந்ததும் மூங்கில் சீவலை மூலையிலிருந்து மெல்ல உள்ளே விடலாம். ஒரு நாளுக்கு மேல் வைத்தால் பூஞ்சணம்தான் மிஞ்சும். கல்லாக இறுகிய கட்டை அப்படியே விட்டுவிட்டு, ஏடு பேணத் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

படம் எடுத்தல்

கயிற்றை உருவியதும் இதழ்களை எண் பார்த்து அடுக்கத் தோன்றும். அடுக்காதீர்கள். கிடைத்த ஒழுங்கிலேயே முதலில் படம் எடுக்க வேண்டும். அந்தக் கட்டு இரண்டு ஏடுகள் கலந்ததாக இருக்கலாம், நீங்கள் வாசித்த இதழ் எண்ணும் பிழையாக இருக்கலாம். பழைய ஒழுங்கைக் கலைத்துவிட்டால் அதைத் திரும்பப் பெற வழியில்லை. திருத்திய ஒழுங்கைப் பிறகு கணினியில் எத்தனை தடவையும் அமைக்கலாம். ஓலையில் பென்சிலாலும் எதையும் எழுத வேண்டாம், எண் எழுதிய தாள்துண்டு பக்கத்தில் இருந்தால் போதும்.

ஒரு இதழுக்கு இரு பக்கம். 100 இதழ்க் கட்டுக்கு 200 படம், சட்டமும் விளிம்பும் வேறு. வெற்று இதழையும் விடக்கூடாது. ஒருவர் இதழைத் திருப்ப, இன்னொருவர் படம் எடுப்பதுதான் நடக்கக்கூடிய முறை. ஒவ்வொரு படத்திலும் சென்ரிமீற்றர் அளவுகோல் தெரிய வேண்டும்.

கமெராக் கணக்கை முன்கூட்டியே போடுங்கள். இதழ் 40 சென்ரிமீற்றர் நீளம் என்றால் 15.7 அங்குலம். 24 மெகாபிக்சல் கமெராவில் அகலம் 6000 புள்ளி. இரு பக்கமும் ஓரம் விட்டால் அங்குலத்துக்கு ஏறக்குறைய 340 புள்ளி கிடைக்கும், வாசிக்கப் போதும். 12 மெகாபிக்சல் போனில் அகலம் 4000 புள்ளிதான். முழு இதழையும் ஒரே படத்தில் அடக்கினால் 230 அளவுக்கு இறங்கிவிடும். எனவே போனால் எடுப்பவர் ஒவ்வொரு பக்கத்தையும் இரண்டு பாதியாக, நடுவில் 3 விரல் அகலம் ஒன்றன்மேல் ஒன்று வருமாறு எடுக்க வேண்டும்.

விளக்கு இரண்டும் இரு பக்கமும் 45 பாகையில் இருந்தால் மை ஊறிய எழுத்துத் தெளியும். மை போன இதழுக்கு அது உதவாது. எழுத்தாணி கீறிய பள்ளம் இன்னும் இருப்பதால், அறையை இருட்டாக்கி, ஒரு ரோச் லைற்றை மேசை மட்டத்துக்குச் சரித்துப் பக்கவாட்டில் அடியுங்கள். பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து எழும்பும். முதலில் இடமிருந்து, பிறகு மேலிருந்து என இரு திசையில் எடுத்தால், ஒன்றில் மறைந்த கோடு மற்றதில் தெரியும். இந்த ஒரு வித்தை தெரிந்தால் பாதி ஏடுகளுக்கு மை பூசவே தேவை வராது.

துடைத்தலும் மையிடுதலும்

படம் முழுவதும் எடுத்து, பிரதி ஒன்றை வேறு இடத்தில் சேமித்த பிறகே இதில் கை வைக்கலாம். மென்மையான காய்ந்த பிறஷால் நீளவாக்கில், ஓலை நரம்பு ஓடும் திசையில் தூசைத் தட்டுங்கள். அழுக்கு இறுகியிருந்தால் எதனோலும் வடித்த நீரும் சம அளவில் கலந்து, பஞ்சைப் பிழிந்து, ஒரு மூலையில் தொட்டுப் பாருங்கள். நிறம் ஏறினால் உடனே நிறுத்துங்கள். சக்கரங்களைச் சிவப்பிலோ மஞ்சளிலோ மேற்பூச்சாக வரைந்திருந்தால் அந்த இதழ்களுக்கு ஈரமே வேண்டாம்.

மை மங்கிய இதழுக்கு விளக்குக் கரியை எலுமிச்சம்புல் எண்ணெயில் குழைத்து, பஞ்சால் குறுக்காகத் தேய்த்து, சில நிமிடத்தில் காய்ந்த துணியால் மேற்பரப்பைத் துடைக்க வேண்டும். கரி பள்ளத்தில் தங்கும். 2, 3 துளி எண்ணெய் ஒரு இதழுக்குப் போதும். தேங்காயெண்ணெய் போடவே கூடாது, அது சிக்குப்பிடித்துப் பூச்சியைக் கூப்பிடும். வெயிலில் காயவைப்பது, செலோரேப் ஒட்டுவது, லமினேற் செய்வது மூன்றும் ஏட்டைக் கொல்லும் வேலைகள். ‘பாதுகாப்பாக’ லமினேற் செய்த ஓலை உள்ளேயே வேர்த்துக் கறுத்துப்போகும்.

எழுத்து

ஏட்டெழுத்து வேறு மொழியல்ல. சில வசதிகள் இல்லாத தமிழ், அவ்வளவுதான். மெய்க்குப் புள்ளி இராது. எகர ஏகாரத்துக்கும் ஒகர ஓகாரத்துக்கும் வேறுபாடு இராது. ரகரமும் காலும் (‘ா’) ஒரே வடிவம். சொல்லுக்குச் சொல் இடைவெளி இல்லை, பாட்டின் அடி முடிந்தாலும் வரி தொடர்ந்து ஓடும். ஆகவே ‘பரல’ என்று கண்டால் அது பாலாகவும் இருக்கலாம் பரலாகவும் இருக்கலாம். மருந்துப் பாட்டில் எது என்று எதுகை மோனையை வைத்துத்தான் முடிவெடுக்க முடியும். யாப்பு தெரியாதவர் அறுசீர் விருத்தம், வெண்பா இரண்டையாவது படித்துக்கொண்டு தொடங்குவது நல்லது.

பழக, அச்சில் வந்த நூல் ஒன்றின் ஏட்டுப் படத்தை எடுத்து, அச்சுப் பிரதியோடு வரிக்கு வரி ஒத்துப் பாருங்கள். யாழ்ப்பாண அரசர் காலத்து பரராசசேகரம் என்ற வைத்திய நூலும் செகராசசேகரமாலை என்ற சோதிட நூலும் அச்சில் உள்ளன. ஊர் ஏடுகளில் அவற்றின் பாட்டுகள் அடிக்கடி தலைகாட்டுவதால் உழைப்பு வீண்போகாது.

படி எடுக்கும்போது இரண்டு நிரல் வையுங்கள். ஒன்றில் ஓலையில் உள்ளது உள்ளபடி, புள்ளிகூடச் சேர்க்காமல். மற்றதில் உங்கள் வாசிப்பு. செல்லரித்த இடத்தைச் சதுர அடைப்புக்குள் இத்தனை எழுத்து என்று மதிப்பிட்டுக் காட்டுங்கள். ‘றீங்’, ‘கிலீங்’, ‘சிறீம்’ என்று எழுதியிருந்தால் அதை ‘ஹ்ரீம்’, ‘க்லீம்’, ‘ஸ்ரீம்’ என்று திருத்தாதீர்கள். எழுதியவர் எப்படிக் கேட்டார், எங்கே கற்றார் என்பதற்கு அந்த எழுத்துத்தான் சாட்சி.

இலக்கங்கள் தனிப் பொறி. ௧ ககரம் போலவும் ௨ உகரம் போலவும் ௪ சகரம் போலவும் ௭ எகரம் போலவும் ௮ அகரம் போலவும் ௰ யகரம் போலவும் இருக்கும். ‘௪௰௮ நாள்’ என்பதைச் ‘சயஅ நாள்’ என்று வாசித்துவிட்டு, அது என்ன இரகசியச் சொல் என்று தலையைப் பிய்த்துக்கொள்வார்கள். அது 48, ஒரு மண்டலம். அப்படியே ௱௮ உரு என்றால் 108 தடவை, ௲௮ என்றால் 1008. சித்தர் பாடல்கள் ‘எட்டும் இரண்டும்’ என்று புதிர் போடுவதும் இந்த ஒற்றுமையை வைத்துத்தான்: ௮ என்றால் அகரம், ௨ என்றால் உகரம், இரண்டையும் கூட்டினால் ௰, அதாவது யகரம். இங்கே மட்டும் எழுத்தையும் எண்ணையும் சேர்த்தே வாசிக்க வேண்டும்.

௵ வருடம், ௴ மாதம், ௳ நாள், ௸ மேற்படி. இவை கட்டின் கடைசி இதழில், ‘எழுதி முகிந்தது’ (முடிந்தது) என்பதற்கு முன் வரும். வருடம் 60 ஆண்டுச் சுற்றின் பெயரில் இருக்கும். சௌமிய என்றால் 1849, 1909, 1969 மூன்றும் சௌமியதான். மாதம், திகதி, கிழமை, நட்சத்திரம் எல்லாம் தந்திருந்தால் கணித்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். வருடப் பெயர் மட்டும் இருந்தால் மூன்றையும் எழுதிவிட்டு நில்லுங்கள். ‘ஆயிரம் வருட ஏடு’ என்று வீட்டுக்காரர் சொல்வது நூலுக்குப் பொருந்தலாம், ஓலைக்குப் பொருந்தாது. எங்கள் வெக்கையில் பனையோலை பொதுவாக 300 ஆண்டைத் தாண்டுவதில்லை. பழையதைப் பார்த்துப் புதிதில் எழுதி எழுதித்தான் நூல்கள் வந்திருக்கின்றன.

சக்கரம்

எண் அடைத்த சக்கரத்தில் ஒரு வசதி உண்டு: அது தன் பிழையைத் தானே காட்டும். ஒன்பது கட்டச் சக்கரத்தில் பெரும்பாலும் எந்தப் பக்கம் கூட்டினாலும் ஒரே தொகை வரும். அந்தத் தொகை நடுக்கட்ட எண்ணின் மூன்று மடங்கு. உதாரணமாக

௬ ௧ ௮
௭ ௫ ௩
௨ ௯ ௪

நடுவில் 5, எந்தப் பக்கமும் 15. மேல் வரியின் நடுக்கட்டத்தைப் பூச்சி தின்றிருந்தால் 6ஐயும் 8ஐயும் கழித்து 1 என்று நிரப்பலாம். ஒரு வரியும் ஒரு நிரலும் மட்டும் சரிவராவிட்டால், அவை சந்திக்கும் கட்டத்தைத்தான் நீங்கள் பிழையாக வாசித்திருக்கிறீர்கள். 1 முதல் 16 வரை அடைத்த பதினாறு கட்டம் என்றால் தொகை 34. ஐந்தெழுத்தை (நமசிவாய) 25 கட்டத்தில் அடைத்த சக்கரத்தில் கூட்டல் இல்லை. அங்கே ஒவ்வொரு எழுத்தும் ஒவ்வொரு வரியிலும் நிரலிலும் ஒருமுறை வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் திருத்தாமல் குறித்து வையுங்கள். படியெடுத்தவர் பிழைவிட்டிருக்கலாம், வேண்டுமென்றே மாற்றியும் இருக்கலாம்.

செப்புத் தகட்டில் சக்கரம் கீறிய யந்திரம் கட்டோடு இருந்தால் புளி போட்டு மினுக்க விடாதீர்கள். கீறல் தேய்ந்துவிடும்.

பொருளுக்கு வரும்போது

மந்திரப் பகுதி பெரும்பாலும் அட்டகர்மம் என்ற எட்டுத் தலைப்பில் அடங்கும்: வசியம் (வசப்படுத்தல்), மோகனம் (மயக்கல்), தம்பனம் (செயலை நிறுத்தல்), உச்சாடனம் (விரட்டல்), ஆகர்ஷணம் (இழுத்தழைத்தல்), பேதனம் (பிரித்தல்), வித்துவேஷணம் (பகை மூட்டல்), மாரணம் (கொல்லல்). தலைப்புப் பயமாக இருந்தாலும் உள்ளே பார்த்தால் மாடு காணாமல் போனது, பிள்ளைக்கு நாவூறு, வழக்கில் எதிராளி வாய் கட்டுவது என்றுதான் இருக்கும். எல்லாம் அரைகுறையாகவும் இருக்கும். ஏடு முழுப் பாடப்புத்தகமல்ல, ஏற்கெனவே கற்றவருடைய நினைவுக்குறிப்பு. எந்தத் திசை நோக்கி இருப்பது, எந்த எழுத்தை எங்கே சேர்ப்பது என்பதெல்லாம் வாய்வழி வந்தது.

மருந்துக்கும் இதே கதைதான், அங்கே ஆபத்தும் உண்டு. இரசம், பாஷாணம், நாபி போன்ற நச்சுச் சரக்கு வருகிற பாட்டில் அவற்றைச் சுத்தி செய்யும் முறை எழுதப்படாமல் இருக்கும். பலம், கழஞ்சு போன்ற நிறைகள் இடத்துக்கிடம் மாறும். ஒரே மூலிகைப் பெயரைத் தீவில் ஒரு செடிக்கும் குடாநாட்டில் வலிகாமத்தில் இன்னொன்றுக்கும் சொல்வார்கள். படி எடுங்கள், காய்ச்சிப் பார்க்காதீர்கள்.

இன்னொன்று: ‘இன்னார் மகளுக்கு’, ‘இன்னார் குடிக்கு’ என்று ஆட்பெயரோடு செய்வினைக் குறிப்பு வந்தால் அந்தப் படத்தை வெளியே விடாதீர்கள். பெயர் வந்தவருடைய பேரன் பக்கத்து வளவில்தான் இருப்பார்.

திருப்பி வைத்தல்

எடுத்த ஒழுங்கிலேயே கோத்து, சட்டங்களுக்கிடையே இதழ் வளையாத அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். இற்ற கயிற்றுக்குப் பதில் பருத்திக் கயிறு, நைலோன் துளையை அறுக்கும். பழைய கயிற்றைத் தாள் உறையில் போட்டு அதே பெட்டியில் வையுங்கள். கழுவிக் காய்ந்த பருத்தித் துணியில் சுற்றி, வசம்புத் துண்டும் காய்ந்த நொச்சி இலையும் துணிக்கு வெளியே வைக்கலாம். பெட்டி நிலத்திலும் சுவரிலும் முட்டாமல் நாலு விரல் விலகி இருக்கட்டும்.

படங்களின் முழுப் பிரதி முதலில் வீட்டுக்காரருக்கு. அவர் சம்மதித்தால் மட்டும் இரண்டாவது பிரதியை, ஈழத்து ஆவணங்களை இணையத்தில் சேமிக்கும் நூலகம் நிறுவனத்துக்கோ பல்கலைக்கழக நூலகத்துக்கோ கொடுக்கலாம். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏடுகளும் சேர்ந்து போயின, ஒரே இடத்தில் ஒரே பிரதி வைப்பதை யாரும் பாதுகாப்பு என்று சொல்ல மாட்டார்கள். வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர் ஏட்டைக் கனடாவுக்கோ லண்டனுக்கோ கொண்டுபோகக் கேட்டால், தொல்பொருளையும் பண்பாட்டுச் சொத்தையும் அனுமதியில்லாமல் நாட்டுக்கு வெளியே கொண்டுபோவது இலங்கைச் சட்டப்படி குற்றம் என்று சொல்லிவிடுங்கள். படங்களைக் கொடுத்தனுப்பலாம்.

புறப்பட முன், கட்டை வருடத்தில் இரு தடவை பார்க்கும்படி சொல்லுங்கள்: சரஸ்வதி பூசைக்கு எடுக்கும்போது ஒன்று, மழை விட்டு மாசி பிறந்ததும் ஒன்று. தூள், பூஞ்சணம், கறையான் மண் மூன்றில் ஒன்று தெரிந்தால் தாங்களாக மண்ணெண்ணெய் பூசாமல் உங்களுக்கு அறிவிக்கட்டும். உங்கள் தொலைபேசி எண்ணைப் பெட்டி மூடியின் உட்பக்கம் ஒட்டிவிட்டு வாருங்கள்.